டத்தோ பட்டத்துக்கு ஒரு பூஞ்சை

பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு வாழையிலைக் கடைக்குள் நுழைந்து "டத்தோ" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு தலையாவது திரும்பும். அந்த நாலு பேரும் நாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பது மரியாதையில்லை. நானும் கேட்கப் போவதில்லை. எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். சம்பளம் வாங்காமல், மருத்துவ விடுப்பு எடுக்காமல், தேர்தல் நேரத்தில் கட்சி தாவாமல் இந்நாட்டு வாழைப்பழத் துறையில் உழைத்துவரும் ஒருவர் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் வரவில்லை. அவர் பெயர் கோலெட்டோடிரிக்கம் மூசே. குலம்: பூஞ்சை. பழுத்த வாழைத்தோலில் பழுப்புப் புள்ளியாகத் தோன்றி, பெருத்து, குழிந்து, நடுவில் ஆரஞ்சு நிறக் கூழ் பூக்கும் அந்தக் கறை அவருடைய கையெழுத்து. விஞ்ஞானிகள் ஆந்த்ராக்னோஸ் என்பார்கள். சந்தையில் 'கறுத்துப்போச்சு' என்பார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் தகுதிகளை விவரமாக எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

தோட்டத்தில் காய்ந்து தொங்கும் இலையிலும், காய் நுனியில் ஒட்டிக்கிடக்கும் பூ மிச்சத்திலும் இவருடைய வித்துகள் இருக்கும். மழைத்துளி தெறிக்கும்போது அவை பச்சைக்காய்மேல் வந்து விழும். முளைவிட்டு, தோலைப் பற்றிக்கொள்ள ஒரு கறுத்த குமிழை உண்டாக்கிக்கொள்ளும். அதன்பின் அசைவே கிடையாது. காய் பச்சையாக இருக்கும்வரை தோலில் உள்ள காப்புப் பொருள்கள் உள்ளே விடமாட்டா. இவரும் முட்டி மோதமாட்டார். வாரக்கணக்கில் வாசலில் உட்கார்ந்திருப்பார். வெட்டுகிறவர் கண்ணுக்கும், லோரியில் ஏற்றுகிறவர் கண்ணுக்கும், தரம் பிரிக்கிறவர் கண்ணுக்கும் அது குற்றம் குறையில்லாத காய். பழம் மஞ்சளாகி இனிப்பு ஏறத் தொடங்கியதும் எழுந்து உள்ளே போவார். பழுக்கும்வரை அடக்கம், பழுத்தபின் அபகரிப்பு. இந்த ஒரு தகுதிக்கே டான் ஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். நான் டத்தோதானே கேட்கிறேன்.

தனியாகவும் இவர் உழைப்பதில்லை. தாரிலிருந்து சீப்பை அறுத்த இடத்தில், அந்தப் பச்சைக் காயத்தில், லாசியோடிப்ளோடியாவும் ஃபுசேரியமும் வந்து சேர்ந்துகொள்ளும். காம்பு கறுத்து, சீப்பு தளர்ந்து, தூக்கினால் பழம் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். காம்பு அழுகல் என்று இதற்குப் பெயர். கொள்கை, கோட்பாடு எதிலும் ஒற்றுமையில்லாத பூஞ்சைகள் தின்பதற்காக மட்டும் ஒன்று சேரும் இந்த ஏற்பாட்டைக் கூட்டணி ஆட்சி என்று சொன்னால் அரசியல்வாதிகள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்லவில்லை.

இந்த ஆட்சியில் வரி கட்டுகிறவர்கள் யார்? செலாயாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் பெராங்கான் சீப்புகளைக் கூடையில் எண்ணி வாங்கி, வேனில் ஏற்றி, ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ கொக்கியில் தொங்கவிடுகிற கடைக்கார அக்காக்கள். காலையில் மஞ்சளாகத் தொங்கியது மறுநாள் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். அர்ச்சனைத் தட்டுக்குக் கறுத்த பழம் வைக்க முடியாது. கல்யாணத் தட்டுக்கு வாங்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். "இன்னைக்கே சாப்புட்டுடுங்கண்ணே, கொறச்சித் தாரேன்" என்ற குரலில் இருப்பது வியாபாரத் தந்திரமில்லை. அது நட்டக் கணக்கு. மிச்சம் பீசாங் கோரெங் வண்டிக்குப் போகும். அதற்கும் ஆகாதது குப்பைக்கு. தோட்டக்காரருக்கு வெட்டியபோதே காசு வந்துவிட்டது, மொத்த வியாபாரிக்கு விற்றபோதே வந்துவிட்டது. பூஞ்சை எழுந்திருக்கும் நேரத்தில் பழம் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். அந்தக் கை எப்போதும் சின்னக் கையாகவே அமைவது தற்செயலாம்.

இனி 2010-க்கு வருவோம். அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், நஜிப்பும் மன்மோகன் சிங்கும், பிரிக்பீல்ட்ஸில் நின்று லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவு, விளக்குக் கம்பம், நீரூற்று, பேச்சு, மாலை. அதே ஆண்டில், பக்கத்துச் சிலாங்கூர் மாநிலத்தில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய செமினியில், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு மாலை போட யாரும் போகவில்லை. பேராசிரியர் அஸ்கர் அலியின் அறுவடைப் பின்னுட்ப ஆய்வுக்குழு வாழைப்பழத்தின்மேல் வேண்டுமென்றே இந்தப் பூஞ்சையை ஏற்றி, பிறகு அதைச் சமையலறைச் சரக்கைக் கொண்டு அடக்கிப் பார்த்தது. வேலம்பிசின் 10 விழுக்காடு. அதில் கறுவா எண்ணெய் 0.4 விழுக்காடு. பிசின் பழத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படிந்து எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழம் மூச்சுவிடுவதையும் தண்ணீர் இழப்பதையும் மெதுவாக்கும். எண்ணெயில் இருக்கும் சினமால்டிஹைடு பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தும். குளிர்சேமிப்பில் வைத்துப் பார்த்ததில் வாழையில் நோய் 80 விழுக்காடும் பப்பாளியில் 71 விழுக்காடும் கட்டுப்பட்டன. 2011-இல் கட்டுரை வெளிவந்தது. செராய் எண்ணெயையும் அவர்கள் சோதித்தார்கள். ஆமாம், நம் வீட்டுப் பின்கட்டில் முளைத்துக் கிடக்கிற அதே செராய்.

இதற்கு முன்பே 2002-இல் இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தார் கறுவாவும் கிராம்பும் இந்தக் கூட்டணியின் முக்கியப் புள்ளிகள் எல்லாரையும் அடக்கும் என்று காட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டுகளில் எம்புல் வாழையில் திருநீற்றுப்பச்சை எண்ணெயும் சிட்ரனெல்லா எண்ணெயும் தெளித்து, 13.5 பாகைக் குளிரில் 21 நாள் வரை கெடாமல் வைத்தார்கள், சுவையும் போகவில்லை. ஆக, விஷயம் தெரியாமலில்லை. தெரிந்து இருபதாண்டு ஓடிவிட்டது. செலாயாங் சந்தையில் கறுவா எண்ணெய்த் தொட்டி ஒன்றை யாராவது பார்த்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அதற்கும் ஒரு மாலை வாங்கி வைத்திருக்கிறேன்.

காத்திருப்பதில் நம் பூஞ்சையை வெல்ல ஆளில்லை என்று மேலே எழுதப் பார்த்தேன். செமினிக் கட்டுரை இருக்கிறதே. அது 2011-இலிருந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். அடுத்த வேலை யாருடையது என்பதுதான் கேள்வி. நம்மிடம் நிறுவனப் பஞ்சமா? விவசாயப் பொருளைச் சந்தைப்படுத்த 1965-இலிருந்து ஃபாமா இருக்கிறது. விவசாய ஆராய்ச்சிக்கு 1969-இலிருந்து மார்டி இருக்கிறது, அதுவும் செர்டாங்கில். பக்கத்திலேயே விவசாயத்துக்கென்றே தொடங்கிய புத்ரா பல்கலைக்கழகம். செர்டாங், செமினி, செலாயாங் மூன்றையும் ஒரு லோரி ஓட்டுநர் ஒரே காலையில் சுற்றிவந்துவிடுவார். ஒரு முடிவு அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினைந்து ஆண்டுக்கு நெருக்கமாகியும் போதவில்லை. நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டிக் கட்டிக் காசு தீர்ந்துவிட்டதோ என்னவோ.

இங்கே ஆய்வுக்கு வேறொரு பழுக்கும் காலம் உண்டு. கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் புத்தாக்கக் கண்காட்சி வைப்பார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கங்கள் தாராளமாகப் புழங்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு துணைவேந்தரோடு படம் எடுக்க வேண்டும். படம் பல்கலைக்கழகச் சுவரில் ஏறும். கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை தரவரிசைப் பட்டியலில் ஏறும். விரிவுரையாளருக்குப் பதவி ஏறும். ஏறாதது ஒன்றுதான், அக்காவின் கடைக் கொக்கியில் தொங்கும் பெராங்கானின் ஆயுள். ஆய்வை வணிகமயமாக்குவது பற்றி நட்சத்திர விடுதியில் கருத்தரங்கு நடக்கும்போது மேசை நடுவில் பழத்தட்டு வைப்பார்கள். அதில் ஆப்பிளும் திராட்சையும் இருக்கும். வாழைப்பழம் இருக்காது, கறுத்துவிடுமாம்.

சரி, இந்த எண்ணெயில் குறையே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நானும் மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவேன். எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிப் போகும். அளவு கூடினால் தோல் பொசுங்கும். பழத்தில் கறுவா மணம் ஏறி, தின்கிறவர் இது வாழைப்பழமா குருமாவா என்று யோசிக்க வேண்டிவரும். ஒரு ஊர்ச் செராயில் இருக்கும் சத்து இன்னொரு ஊர்ச் செராயில் அதே அளவில் இராது. ஆய்வகத்தில் 13 பாகைக் குளிர். ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில் 33. இந்தக் குறைகளைச் சந்தையில் வைத்துத்தான் தீர்க்க முடியும்: எந்த அளவு, எந்த ரகம், எத்தனை நிமிடம் முக்க வேண்டும், சீப்புக்கு எத்தனை காசு கூடும். சோதிப்பதற்காகத்தானே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்? சோதித்துத் தோற்றிருந்தால் வணங்கியிருப்பேன்.

இப்போது சட்டம். பூஞ்சையை அடக்கும் என்று சொல்லி விற்கிற எதையும், செடியிலிருந்து எடுத்ததானாலும், 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி வாரியத்தில் பதிய வேண்டும். நச்சுத்தன்மை விவரம், செயல்திறன் விவரம், சீட்டு, கட்டணம். சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். செடியிலிருந்து வந்தால் நஞ்சே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர் அரளி விதையை அரைத்துக் குடித்துக் காட்டட்டும். ஆனால் இந்த எச்சரிக்கையும் நிதானமும் எல்லார்க்கும் ஒன்றுபோல் இருந்ததா? அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது.

பாராகுவாட் என்றொரு களைக்கொல்லி. விழுங்கினால் முறிமருந்து கிடையாது. ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் அதை முதுகில் சுமந்து அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். கையுறை இல்லை, இருந்தால் கிழிசல். பம்பு ஒழுகி முதுகு நனையும். தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகனித்தாவும் பூச்சிக்கொல்லிக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து தோட்டங்களில் அந்தப் பெண்களைச் சந்தித்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. மூக்கில் ரத்தம், தோல் அரிப்பு, கழன்று போகும் நகம், மூச்சுத்திணறல். தெனாகனித்தாவின் ஐரீன் பெர்னாண்டஸ் மேடை மேடையாகச் சொன்னார். அந்த ஆண்டே தடை வரும் என்று அறிவிப்பு வந்தது. 2006-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. ஏன்? இன்னும் விரிவாக ஆராய வேண்டுமாம்! பதினைந்து இருபது வருடம் அந்தப் பெண்களின் தோலில் நடந்த ஆராய்ச்சி போதவில்லை. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. ஐரீன் 2014-இலேயே இறந்துவிட்டார். முதல் அறிவிப்புக்கும் கடைசித் தடைக்கும் நடுவே போன ஆண்டுகளில் எத்தனை நகங்கள் கழன்றன என்று எந்த வாரியமும் எண்ணவில்லை. நஞ்சைத் தடுக்க விவரம் போதவில்லை என்று இழுத்தடித்த நாட்டில், நஞ்சில்லாததைக் கொண்டுவரவும் விவரம் போதவில்லை. நடுவில் விவரத்தைச் சேகரிக்க வேண்டியவர் யாரென்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

உலகச் சந்தைக்குக் கப்பலேறும் வாழையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் தெரியுமா? தயாபெண்டசோல், இமசாலில். முன்னது முதன்முதலில் ஆடுமாடுகளின் குடற்புழுவுக்குக் கொடுத்த மருந்து. பின்னதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சேர்த்திருக்கிறது. ஒரு காலத்தில் உலகமெல்லாம் அடித்த பெனோமிலைத் தயாரித்த கம்பெனியே 2001-இல் கைவிட்டது. இவற்றைத் தொடர்ந்து அடித்தால் பூஞ்சைக்கும் பழகிவிடும். பிறகு அளவைக் கூட்ட வேண்டும். இது அறுவடைக்குப் பின். அறுவடைக்கு முன் இலைநோய்க்கு வேறு. பிலிப்பைன்ஸின் டாவாவ் நகரம், வாழைத் தோட்டங்களில் விமானத்திலிருந்து மருந்து தெளிக்கக் கூடாது என்று 2007-இல் விதி போட்டது. வாழைத் தோட்ட முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லாது என்றது. ஜனங்கள் குடை பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேரங்காடியில் ஒரு புள்ளியில்லாமல், ஒட்டுச்சீட்டோடு, பிளாஸ்டிக் பையில் படுத்திருக்கும் பழத்தைப் பார்த்து "என்ன சுத்தம்!" என்று கூடையில் போடுகிறவர்களே, அந்தச் சுத்தம் எதைக் குளித்து வந்ததென்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா? நம் அக்கா கடைப் பழத்தில் ஒரு புள்ளியைக் கண்டால் மட்டும் விரலால் அமுக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, வெள்ளியில் பாதி குறைக்கச் சொல்லத் தெரிகிறது.

அடுத்து, நம் முன்னோர் புகழ்பாடிகள். இவர்களை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காலையில் கைப்பேசியைத் திறந்தால் பத்துச் செய்தியில் மூன்று வேப்பிலை, இரண்டு மஞ்சள், ஒரு கிராம்பு. "இதை அமெரிக்காக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான், நம் பாட்டி ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே!" பாட்டிக்கு அவ்வளவு வயதா என்று கேட்டால் இனத்துரோகி. இந்த மகான்களுக்கு ஒரு வேப்பங்கதை சொல்கிறேன். வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சையை அடக்கும் முறைக்கு, டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனிக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும் சேர்த்து 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்தியச் சூழலியலாளர் வந்தனா சிவாவும் ஐரோப்பியத் தோழிகள் இருவரும் எதிர்த்து நின்றார்கள். மியூனிக்கிலுள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. அங்கே செல்லுபடியான சாட்சி எது? இந்தியத் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் எண்பதுகளிலேயே அந்த எண்ணெயை எடுத்து, வயலில் அடித்து, சோதனை செய்திருந்தார். அந்த விவரத்தோடு போய்ச் சொன்னார். ஐயாயிரம் வருடப் பெருமை அங்கே வேலை செய்யவில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக் கணக்குப் புத்தகம் செய்தது.

இங்கே நம் கணக்குப் புத்தகம் எங்கே? வருடாவருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பேசுகிற தலைவர்களுக்கும், தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸில் விளக்கேற்றுகிற தலைவர்களுக்கும் வாழை, தென்னை, வெற்றிலை மூன்றும் மேடை அலங்காரம். குலையோடு இரண்டு மரத்தை வெட்டி வாசலில் கட்டி, நடுவில் நின்று "சிறு வணிகரைக் காப்போம்" என்பார்கள். அந்தக் குலையை வெட்டிக் கொடுத்தவர் எந்த நிலத்தில் என்ன ஒப்பந்தத்தில் பயிர் வைக்கிறார், அதில் எத்தனை சீப்பு அழுகுகிறது என்று கேட்டால், உதவியாளர் குனிந்து காதில் ஏதோ சொல்வார், தலைவருக்கு அவசரமாக வேறு நிகழ்ச்சி வந்துவிடும். தமிழ் வணிகர் சங்கங்களும் குறைந்தவையல்ல. அந்நியத் தொழிலாளர் பற்றாக்குறை என்று பத்திரிகையாளரைக் கூப்பிடத் தெரிகிற சங்கத்துக்கு, செமினிக்குப் போய் "ஐயா, அந்த எண்ணெயை எங்கள் சந்தையில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்போமா" என்று கேட்கத் தோன்றவில்லை. நூறு பேர் சாப்பிடும் ஆண்டு விருந்துச் செலவில் எத்தனையோ தொட்டி வைத்திருக்கலாம். விருந்தில் பரிசு கொடுத்தார்கள். யாருக்கு? டத்தோக்களுக்கு.

ஆகவே விருதுக் குழுவினரே, என் வேட்பாளர் தோற்பார் என்று தெரியும். அவருக்கு விழா மண்டபத்தில் கோட்டுப் போட்டுக்கொள்ள உடம்பில்லை. பட்டம் வேண்டாம், விடுங்கள். வேளாண்மை அமைச்சிடம் மட்டும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இதில் கேலி கிடையாது.

செலாயாங்கில் ஒரு தொட்டி வையுங்கள். ஃபாமா செலவு செய்யட்டும், மார்டி அளவு பார்க்கட்டும், செமினிக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பெராங்கான், மாஸ், ரஸ்தாளி மூன்றையும் முக்கி, பாதியை முக்காமல் விட்டு, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைக்காரர்களிடம் கொடுங்கள். குளிரறையில் வேண்டாம், கொக்கியில் தொங்கட்டும். எத்தனை சீப்பு தேறியது, எத்தனை அழுகியது, சீப்புக்கு எத்தனை காசு கூடியது என்ற கணக்கை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதிச் சந்தைச் சுவரில் ஒட்டுங்கள். ஜெயித்தால், வீட்டுச் சரக்கில் செய்த மருந்தைச் சின்னத் தயாரிப்பாளர் கடன் வாங்காமல் பதிய ஒரு வழி திறந்து வையுங்கள். எண்ணெய் தோற்றால் தோற்றது என்று அதே சுவரில், அதே பெரிய எழுத்தில் எழுதுங்கள். திறப்பு விழா வைக்காதீர்கள். அன்றைக்குக் கடைக்கார அக்காவுக்கு வேலை இருக்கும், அவர் வரமாட்டார்.